விசாத் தாளில் எழுதியிருப்பது என்ன?

வெளிநாட்டு வீட்டு வேலைக்குச் செல்வோரும், அழைப்போரும் அறிய வேண்டியவை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது, வரவு செலவும் ஏற்கப்பட்டது. இனி, நம் ஊரின் பல வீடுகளைத் தொடுகின்ற ஒரு செய்தியைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்திருக்கின்றார்கள். வெளிநாடுகளில் வீட்டு வேலைக்காக வழங்கப்படும் விசாவே அந்தச் செய்தி.

இதிலே இரு சாரார் உள்ளனர். அரபு நாட்டு வீடுகளுக்குச் சமையல், குழந்தை பராமரிப்பு, முதியோர் பணிவிடை, வீட்டு வாகனம் ஓட்டுதல் ஆகிய பணிகளுக்குச் செல்பவர்கள் ஒரு சாரார். துபாயிலும் சிங்கப்பூரிலும் குடும்பத்தோடு குடியமர்ந்து, கணவனும் மனைவியும் பணிக்குச் செல்வதால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஒருவரை அழைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் மற்றொரு சாரார். இரு சாராரும் "ஹஜ்ரத், இந்த விசா சரியானதா?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றார்கள்.

மார்க்க மஸ்அலா அல்லாத இந்தக் கேள்வி இமாமிடம் ஏன் வருகின்றது? அரபு மொழியில் அச்சடித்த தாளை இவ்வூரில் யாரிடம் கொடுத்துப் படிப்பது என்று மக்கள் தேடுகின்றார்கள். அரபி மதரஸாவில் ஓதியவர் என்பதால் அந்தத் தாள் இமாமின் கைக்கு வந்து சேருகின்றது. ஆனால் பெரும்பாலும் பணம் கட்டிய பின்னரே வருகின்றது. அதை மாற்ற வேண்டும் என்பதே இந்த உரையின் நோக்கம்.

விசா என்பது என்ன?

முதலில் ஓர் உதாரணம் சொல்கின்றேன். நம் அருகிலுள்ள செஞ்சிக் கோட்டை 2025 ஜூலை மாதத்தில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில், மராத்தியர் இராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அதைக் காண வெளிநாட்டார் சுற்றுலா விசாவில் வருகின்றார்கள். மலையேறலாம், படம் எடுக்கலாம், கோட்டைக்குள் இருக்கும் சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசலைக் கண்டு செல்லலாம். ஆனால் அவர்களில் ஒருவர் செஞ்சிக் கடைவீதியில் ஒரு கடையில் சம்பளத்திற்கு அமர்ந்தால் அது நம் நாட்டுச் சட்டப்படி குற்றமாகும். அவரை அனுமதித்தது பார்ப்பதற்காக, உழைப்பதற்காக அன்று.

விசா என்பது ஒரு நாட்டின் வாசற்கதவு திறப்பதற்கான சீட்டு மட்டுமன்று. இன்ன காரியத்திற்காக, இன்னாருடைய பொறுப்பில், இத்தனை காலத்திற்கு என்று வரையறுத்துக் கொடுக்கும் அனுமதி அது. நாம் கதவு திறந்ததை மட்டும் பார்க்கின்றோம். காரியம், பொறுப்பாளர், காலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதில்லை. துன்பம் அங்கிருந்துதான் தொடங்குகின்றது.

வீட்டு வேலை விசாவிற்கு ஒரு தனித்தன்மை உண்டு. தொழிற்சாலைக்கோ கடைக்கோ சென்றவருக்கு அந்த நாட்டின் தொழிலாளர் சட்டம் பொருந்தும். தொழில் ஆய்வாளர் அங்கே நுழைந்து விசாரிக்க முடியும். வீடு என்பது குடும்பத்தின் அந்தரங்கம். அங்கே ஆய்வாளர் எளிதில் நுழைய இயலாது. இக்காரணத்தால் வளைகுடா நாடுகளின் பொதுவான தொழிலாளர் சட்டங்களிலிருந்து வீட்டுப் பணியாளர் நெடுங்காலம் விலக்கி வைக்கப்பட்டிருந்தனர். பின்னர்தான் தனிச் சட்டங்கள் வந்தன. சவூதி அரேபியாவில் 2013-இலும், குவைத்தில் 2015-ஆம் ஆண்டின் 68-ஆவது சட்டத்தின் வாயிலாகவும், கத்தரில் 2017-இலும், ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017-இலும் அவை இயற்றப்பட்டன. அமீரகத்தின் சட்டம் 2022-இல் புதிதாக மாற்றி எழுதப்பட்டது.

இச்சட்டங்கள் தரும் உரிமைகளை அறிந்து கொள்ளுங்கள். குவைத் சட்டம் நாளொன்றுக்கு 12 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கின்றது. வாரம் ஒரு நாள் ஓய்வும், ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுப்பும், பணி முடிந்து திரும்பும்போது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் தர வேண்டும் என்கின்றது. அமீரகச் சட்டம் நாளொன்றுக்கு 12 மணி நேர ஓய்வும், அதில் 8 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வும் கட்டாயம் என்கின்றது. பணியாளரின் பாஸ்போர்ட் பணியாளரிடமே இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றது. கத்தரில் 2021 மார்ச் முதல் வீட்டுப் பணியாளருக்கும் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் உண்டு.

ஆனால் சகோதரர்களே, இந்த உரிமைகள் எவருக்குக் கிடைக்கும்? முறையான வீட்டு வேலை விசாவில், எழுதப்பட்ட ஒப்பந்தத்தோடு சென்றவருக்கே கிடைக்கும். சுற்றிப் பார்க்கும் விசாவில் சென்று அடுப்படியில் நின்றவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் பணியாளரே அல்லர்.

தாளில் காண வேண்டிய சொற்கள்

அரபுத் தாளில் நீங்கள் தேட வேண்டிய சொற்கள் மிகச் சில. அவற்றை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, 'மிஹ்னா'. இதன் பொருள் தொழில். இந்தச் சொல்லுக்கு எதிரே எழுதியிருப்பதே அங்கே உங்கள் தொழில். தரகர் வாயால் சொன்னதன்று. 'ஆமிலா மன்ஸிலிய்யா' என்றிருந்தால் வீட்டுப் பணிப்பெண். 'ஆமில் மன்ஸிலீ' என்றிருந்தால் ஆண் வீட்டுப் பணியாளர். நம் மக்கள் 'கத்தாமா' என்று சொல்வது 'காதிமா' என்னும் அரபுச் சொல்லின் திரிபே. 'ஸாயிக் காஸ்' என்றால் ஒரு வீட்டின் சொந்த வாகன ஓட்டுநர். கம்பெனி டிரைவர் அல்லர். 'ராஈ' என்றால் ஆடு, ஒட்டகம் மேய்ப்பவர். "டெய்லர் விசா, டிரைவர் விசா" என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட தாளில் 'ராஈ' என்று எழுதியிருந்தால், விமானம் இறங்கியபின் அந்த மனிதர் செல்லப் போவது பாலைவனத்திற்கே.

இரண்டாவது, 'ஸாஹிபுல் அமல்' அல்லது 'கஃபீல்'. வேலை கொடுப்பவர், பொறுப்பேற்பவர் என்பது பொருள். அங்கே ஒரு தனி மனிதரின் பெயர் இருக்கின்றதா, ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கின்றதா என்று பாருங்கள். தனி மனிதரின் பெயர் இருந்தால் அவர் வீட்டில்தான் வேலை. குவைத்தில் இதை எண்ணாலேயே பிரித்து வைத்திருக்கின்றார்கள். 18-ஆம் எண் விசா தனியார் நிறுவனத்திற்கு. 20-ஆம் எண் விசா வீட்டு வேலைக்கு. 20-இல் சென்றவர் கடையில் வேலை செய்து பிடிபட்டால் அது குற்றம். அவர் நேர்மையாக உழைத்தார் என்பது அங்கே வாதமாக நிற்காது.

மூன்றாவது, 'ஸியாரா'. இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மக்களுக்கு ஸியாரத் நினைவுக்கு வரும். விசாவில் அதன் பொருள் வெறும் 'பார்வையிடுதல்'. விசிட் விசா என்பது இதுவே. சவூதியின் இத்தகைய விசாக்களில், 'வேலை செய்ய அனுமதி இல்லை' என்ற பொருளுடைய அரபு வாசகம் அச்சிடப்பட்டு வந்திருக்கின்றது. அந்த ஒரு வரியைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல் அதில் ஏறிச் சென்றவர்கள் உண்டு.

நான்காவது, 'முத்தத்துல் இகாமா'. தங்கும் காலம் என்பது பொருள். முப்பது நாளோ தொண்ணூறு நாளோ என்று அங்கே எழுதியிருந்தால், இரண்டு ஆண்டு வேலை என்று தரகர் சொன்னது பொய்.

'ஃப்ரீ விசா' என்று நம் பக்கத்தில் ஒன்று விற்கப்படுகின்றது. எந்த நாட்டுச் சட்டத்திலும் அப்படியொரு விசா கிடையாது. எவரோ ஒரு கஃபீல் தன் பெயரில் விசா எடுத்துக் கொடுத்துவிட்டு, "நீ எங்கே வேண்டுமானாலும் வேலை பார்த்துக்கொள், எனக்கு ஆண்டுதோறும் பணம் கொடு" என்கின்ற ஏற்பாட்டிற்கே இங்கே அந்தப் பெயர். அந்த கஃபீலுக்கு மனம் மாறிய நாளில், "என் ஆள் ஓடிவிட்டார்" என்று ஒரு புகார் கொடுத்தால் போதும். சவூதியில் இதை 'ஹுரூப்' என்பார்கள். அதன்பின் அந்த மனிதர் தம் இகாமாவைப் புதுப்பிக்க இயலாது. வேறிடம் மாறவும், ஊர் திரும்பவும் பெரும்பாடு பட வேண்டும். அவ்வப்போது அந்நாடுகள் அறிவிக்கும் பொதுமன்னிப்புக் காலத்தில் திரண்டு நிற்கும் கூட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் பலர் உண்டு. 2013-இல் சவூதியிலும், 2018-இல் குவைத்திலும், 2024-இன் இறுதி நான்கு மாதங்களில் அமீரகத்திலும் அத்தகைய காலங்கள் அறிவிக்கப்பட்டன.

உம்ரா விசாவில் சென்று அங்கேயே வேலைக்குத் தங்கிவிடுவதைக் குறித்தும் ஒரு வார்த்தை. இஹ்ராம் அணியும்போதே உள்ளத்தில் வேறொரு எண்ணத்தை மறைத்துக்கொண்டு, உறுதிமொழி கொடுத்து வாங்கிய அனுமதியை மீறுவது வாக்கு மீறலாகும். வறுமை அதற்குக் காரணமாக இருக்கலாம்; ஆனால் வறுமையைத் தீர்க்கும் வழி அதுவன்று. அப்படித் தங்கியவர் நோயுற்றால் மருத்துவமனைக்குச் செல்ல அஞ்சுவார். சம்பளம் மறுக்கப்பட்டால் புகார் சொல்ல அஞ்சுவார்.

நம் நாட்டின் விதிகள்

நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இருக்கின்றது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 'இ.சி.ஆர்.' வகையைச் சேர்ந்தது. வளைகுடா நாடுகள் ஆறு, ஜோர்டான், லெபனான், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அந்தப் பாஸ்போர்ட்டில் வேலைக்குச் செல்ல வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதி வேண்டும். இந்த அனுமதி 'இ-மைக்ரேட்' என்னும் அரசின் கணினித் தளத்தின் வழியாகத் தரப்படுகின்றது.

பெண்களுக்கு மேலும் சில பாதுகாப்புகள் உள்ளன. இ.சி.ஆர். பாஸ்போர்ட் உடைய பெண், இந்த நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல 30 வயது நிறைந்திருக்க வேண்டும். செவிலியருக்கு மட்டும் விலக்கு உண்டு. 2016 முதல் அத்தகைய பெண்களைத் தனியார் ஏஜெண்டுகள் அனுப்ப முடியாது. அரசு நிறுவனங்கள் வழியாகவே செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குரியது சென்னை கிண்டியில் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். இது 1978-இல் தமிழக அரசால் தொடங்கப்பட்டது. ஆகவே ஒரு தரகர் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "அக்கா, கத்தாமா விசா ரெடி, பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்" என்றால், அவர் சட்டத்திற்குப் புறம்பானதையே சொல்கின்றார் என்று அறிந்து கொள்ளுங்கள்.

ஆண்களை அனுப்பும் பதிவு பெற்ற ஏஜெண்டும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு வாங்கக் கூடாது என்பது விதி. ரசீது கேளுங்கள். அவருடைய பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். ஒன்றரை இலட்சம், இரண்டு இலட்சம் என்று நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு, ரசீது இல்லாமல் வந்து நிற்பவருக்காக எவரும் வாதாட முடியாது.

முறையாகச் செல்பவருக்கு 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' என்ற காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் அடைந்தாலோ 10 இலட்சம் ரூபாய் காப்பீடு. விசிட் விசாவில் செல்பவர் இந்த 275 ரூபாயை மிச்சப்படுத்தி, அந்தப் பாதுகாப்பை இழக்கின்றார்.

பத்தாம் வகுப்புத் தேறிய நம் இளைஞர்களுக்கும் ஒரு செய்தி. உங்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆயினும் 2017 முதல் நீங்களும் விரும்பினால் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் பதிந்து கொள்ளலாம். நீங்கள் எங்கே இருக்கின்றீர்கள் என்று அரசுக்குத் தெரிந்திருப்பது ஆபத்துக் காலத்தில் உதவும்.

வயதைத் திருத்தாதீர்கள்

இங்கே சற்று நின்று கேளுங்கள். தரகர்கள் செய்யும் கொடுமைகளில் மிகப் பெரியது வயதை மாற்றி எழுதுவது.

இலங்கையின் மூதூரைச் சேர்ந்த, நம்மைப் போலத் தமிழ் பேசும் ஏழை முஸ்லிம் குடும்பத்துப் பெண் ஒருத்தி, 2005-இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குச் சென்றாள். அவளுடைய உண்மையான பிறப்பு ஆண்டு 1988. பாஸ்போர்ட்டில் எழுதப்பட்டதோ 1982. பதினேழு வயதுப் பிள்ளை இருபத்து மூன்று வயதுப் பெண்ணாக விமானம் ஏறினாள். சென்ற சில வாரங்களில் அவள் பொறுப்பில் விடப்பட்ட கைக்குழந்தை இறந்தது. 2007-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. உலகெங்கிலுமிருந்து கோரிக்கைகள் சென்றும் 2013 ஜனவரியில் அது நிறைவேற்றப்பட்டது.

அந்த அறையில் என்ன நடந்தது என்பதை இறைவன் ஒருவனே முழுமையாக அறிவான். அந்தக் குழந்தையின் தாயும் ஒரு தாய்தான். அவளுடைய துக்கத்தையும் நாம் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் ஒன்று உறுதி. அந்தப் பெண் சிறுமியாக இருந்தாள் என்று அவள் பக்கத்தில் வாதிட்டபோது, பாஸ்போர்ட்டே அவளுக்கு எதிரான சாட்சியாக நின்றது. எவரோ ஒரு தரகர் தமது கமிஷனுக்காக மாற்றிய எண் அது. வயதைத் திருத்துவது சிறிய பொய் என்று எண்ணும் பெற்றோர் இதை நினைவில் கொள்ளட்டும்.

2015-ஆம் ஆண்டில் நம் தமிழகத்தைச் சேர்ந்த ஒரு பெண் ரியாதில் வீட்டு வேலைக்குச் சென்ற இடத்தில் ஒரு கையை இழந்து திரும்பியதை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். எல்லா வீடுகளும் அப்படிப்பட்டவை அல்ல. பணிப்பெண்ணை மகளாக நடத்தி, ஹஜ் செய்வித்து அனுப்பிய வீடுகளும் உண்டு. ஆயினும் எந்த வீடு அமையும் என்பது நம் கையில் இல்லை. எந்த விசாவில் செல்கின்றோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கின்றது.

அழைப்பவர்களின் கவனத்திற்கு

இனி, வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்து இங்கே அமர்ந்திருக்கும் சகோதரர்களுக்கு.

அமீரகத்தில் வசிக்கும் வெளிநாட்டவர் தம் பொறுப்பில் பணிப்பெண்ணை அழைக்கலாம். ஆனால் குடும்பத்தின் மாத வருமானம் 25,000 திர்ஹம் இருக்க வேண்டும். 'தத்பீர்' என்னும் அனுமதி பெற்ற மையங்கள் வழியாக அது நடக்கின்றது. அழைத்துவரும் செலவு முழுவதும் அழைப்பவரையே சாரும். பணியாளரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

சிங்கப்பூரில் பணிப்பெண் முதன்முறை விண்ணப்பிக்கும்போது 23 வயது நிறைந்து 50 வயதிற்குள் இருக்க வேண்டும். எட்டாண்டுப் பள்ளிப் படிப்பு வேண்டும். அழைப்பவர் 5,000 வெள்ளிக்குப் பிணை கொடுக்க வேண்டும். மாதம் 300 வெள்ளி தீர்வை செலுத்த வேண்டும். வீட்டில் சிறு பிள்ளைகளோ முதியவர்களோ இருந்தால் அது 60 வெள்ளியாகக் குறையும். 2023 ஜனவரி முதல் மாதத்தில் ஒரு நாளாவது விட்டுக் கொடுக்க முடியாத ஓய்வு நாளாகத் தர வேண்டும். அதற்குப் பதில் பணம் கொடுத்து வேலை வாங்க முடியாது.

இவ்விரு நாடுகளிலும் ஒரு பொது விதி உண்டு. அழைப்பவருக்கும் பணிப்பெண்ணுக்கும் உறவு இருக்கக் கூடாது. "என் சித்தியை மெய்டு விசாவில் எடுத்துவிடுகின்றேன், செலவும் குறைவு, அவருக்கும் சம்பளம்" என்று கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிக்கவும். உறவினரைப் பார்க்க அழைப்பதானால் பார்க்கும் விசாவில் அழையுங்கள். வந்த இடத்தில் அவரைச் சம்பளமில்லாத வேலைக்காரியாக ஆக்காதீர்கள்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ளவர்கள் 'ஓ-பேர்' என்ற ஒன்றைப் பற்றிக் கேட்கின்றார்கள். ஒரு குடும்பத்தோடு தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, மொழியும் பண்பாடும் கற்கும் இளைஞருக்கான ஏற்பாடு அது. அமெரிக்காவில் ஜே-1 விசாவில், 18 முதல் 26 வயது வரை உள்ளவர்களுக்கு, நாளுக்கு 10 மணி, வாரத்திற்கு 45 மணி நேரத்திற்கு மேற்படாமல் அனுமதிக்கப்படுகின்றது. பிரிட்டன் அந்தத் தனி விசாவை 2008-இலேயே நிறுத்திவிட்டது. அங்கே, வெளிநாட்டில் ஏற்கெனவே ஓராண்டு தம்மிடம் பணிபுரிந்தவரை உடன் அழைத்துச் செல்வதற்கு ஆறு மாத விசா மட்டுமே உண்டு. ஊரிலிருந்து ஒரு பெண்ணைப் புதிதாக அழைத்து ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ள இவை வழியல்ல.

இரண்டு ஒப்பந்தம் எழுதும் பழக்கம் குறித்தும் எச்சரிக்கின்றேன். தூதரகத்தில் காட்ட ஒரு சம்பளம், கையில் கொடுக்க ஒரு சம்பளம். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் நம் நாட்டுத் துணைத் தூதரக அதிகாரி ஒருவரே இத்தகைய குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டு, அது இரு நாட்டு அரசுகளுக்கிடையே பெரும் பிணக்காக வளர்ந்தது. பதவியில் இருப்பவருக்கே அந்த நிலை என்றால், சாதாரணக் குடும்பத்திற்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூஸா நபி அவர்கள் மத்யன் நகரில் ஒரு முதியவரிடம் பணியில் அமர்ந்த வரலாறு அல்கஸஸ் அத்தியாயத்தில் கூறப்படுகின்றது. எட்டு ஆண்டுகள் என்ற காலமும், அதற்கு ஈடாகக் கிடைப்பதும், அதற்கு மேல் செய்தால் அது அவர்தம் விருப்பம் என்பதும், சிரமப்படுத்த மாட்டேன் என்ற உறுதியும் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டன. அங்கே பணியில் அமர்ந்தவர் ஊரை விட்டு வந்த ஓர் அகதி. அப்படிப்பட்டவரிடம்கூட எல்லாம் தெளிவாகப் பேசப்பட்டது. உழைப்பை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிராளி என்று இறைவன் சொல்வதாக நபிமொழி எச்சரிக்கின்றது. இந்த எச்சரிக்கை அரபிகளுக்கு மட்டும் உரியதன்று. துபாயில் பணிப்பெண் வைத்திருக்கும் அனந்தபுரத்துக்காரருக்கும், இங்கேயே வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் நமக்கும் உரியது.

ஜமாஅத்தின் பொறுப்பு

இறுதியாக, ஜமாஅத்தார்களாகிய நம்மை நோக்கிச் சில வார்த்தைகள்.

பெண்கள் மஹ்ரம் இல்லாமல் தொலைதூரம் பயணம் செய்வதைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை இந்த மிம்பரிலிருந்து பலமுறை கேட்டிருக்கின்றீர்கள். அதில் மாற்றம் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தைச் சொல்லி அவளைக் குறை பேசுவதோடு நம் கடமை முடிந்துவிட்டதா? யார் செல்கின்றார்கள் என்று பாருங்கள். கணவனை இழந்தவள் செல்கின்றாள். தலாக் சொல்லப்பட்டு, பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கிடைக்காதவள் செல்கின்றாள். மகளுக்கு நிக்காஹ் பேச்சு முடிந்து, நகையும் ரொக்கமும் கேட்கப்பட்டதால் செல்கின்றாள். அந்த நகையையும் ரொக்கத்தையும் கேட்டவர் இதே ஜமாஅத்தைச் சேர்ந்தவர். அந்த நிக்காஹ் நம்முடைய தஃப்தரில்தான் பதியப்படுகின்றது. கடனைத் தலையில் ஏற்றி அவளை விமானத்தில் அனுப்பிவிட்டு, மஹ்ரம் எங்கே என்று கேட்பது நியாயமாகுமா?

ஆகவே நிர்வாகத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

ஒன்று: வெளிநாடு செல்பவர் எவராயினும், பணம் கட்டுவதற்கு முன் விசாத் தாளையும் ஒப்பந்தத்தையும் பள்ளிவாசலுக்குக் கொண்டு வரட்டும். வெள்ளிக்கிழமை இஷாவிற்குப் பின் அதைப் படித்துப் பொருள் சொல்ல நான் இருக்கின்றேன். ஆங்கிலமும் கணினியும் அறிந்த இளைஞர் இருவர் உடன் இருந்து, ஏஜெண்டின் பதிவைச் சரிபார்க்கட்டும். இதற்குக் கட்டணம் இல்லை. சமுதாய வேறுபாடும் வேண்டாம்; நம் ஊரின் பிற சமயச் சகோதரர்களும் இதே தரகர்களிடம் ஏமாறுகின்றார்கள். அவர்கள் கொண்டு வரும் தாளையும் படித்துச் சொல்வோம்.

இரண்டு: ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்கப்படட்டும். செல்பவரின் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல், வேலை கொடுப்பவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் எண் ஆகியவை அதில் இருக்கட்டும். பிரச்சினை வந்த நாளில் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' என்னும் குறைதீர் தளத்தில் புகார் பதிய முதலில் கேட்கப்படுவது இந்த விவரங்களே. 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தூதரகங்கள் தங்குமிடமும் பயணச்சீட்டும் சட்ட உதவியும் தர இயலும். ஆனால் அவள் எந்த வீட்டில் இருக்கின்றாள் என்றே தெரியாவிட்டால் தூதரகம் எங்கே சென்று தேடும்?

மூன்று: செல்லாமல் இருக்க வழியுண்டா என்று முதலில் பார்ப்போம். தமிழகத்தில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் நலவாரியம் இருக்கின்றது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் செயல்படுகின்றது. நம்முடைய ஜகாத்தும் இருக்கின்றது. ஒரு தையல் இயந்திரத்தின் விலை, தரகர் கேட்கும் தொகையில் சிறு பகுதியே. ரமழானில் ஐந்நூறும் ஆயிரமுமாகச் சிதறிப் போகும் ஜகாத்தை ஒன்று திரட்டினால், ஆண்டுக்கு இரண்டு மூன்று குடும்பங்களையேனும் நிலைநிறுத்த முடியும்.

நான்கு: சென்றவர் திரும்பி வரும்போது கண்ணியத்தோடு வரவேற்போம். "கத்தாமா வேலைக்குப் போனவள்" என்று அவளைச் சுட்டிப் பேசும் நாவுகள் அடங்கட்டும். அவள் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டில் நின்றுகொண்டே அவளைப் பழிப்பவர்களும் உண்டு. ஹலாலான உழைப்பு எதுவும் இழிவானதன்று. சம்பளத்தைப் பெண்ணின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற்கே அனுப்பச் செய்யுங்கள். அவள் திரும்பும் நாளில் கையில் ஏதேனும் மிஞ்சியிருக்க வேண்டும்.

அன்பிற்குரியவர்களே! பிறந்த ஊரையும் பெற்ற பிள்ளைகளையும் விட்டு, அந்நிய வீட்டு அடுப்படியில் நின்று உழைப்பவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய உதவி, அவர்கள் புறப்படும் முன் ஒரு தாளைப் படித்துச் சொல்வது. அதையாவது செய்வோம்.

வல்ல இறைவன் நம் ஊரிலிருந்து சென்றிருக்கும் ஆண்களையும் பெண்களையும் பாதுகாப்பானாக! அவர்களுடைய உழைப்பில் பரகத் செய்வானாக! அவர்கள் எந்த வீட்டில் இருக்கின்றார்களோ அந்த வீட்டாரின் உள்ளங்களில் இரக்கத்தை இடுவானாக! ஊரிலேயே அவர்களுக்கு வாழ்வாதாரம் அமைத்துத் தரும் ஆற்றலை நமக்கு வழங்குவானாக! ஆமீன்.